திரையில் தெரியும் பணம் யாருடையது?
கனடாவில் இணையக் கசினோ விதிமுறைகளை வாசித்தல்

இணையக் கசினோ ஒன்றில் கணக்குத் திறக்கும் ஒருவர், பெயரையும் முகவரியையும் எழுதி முடித்ததும், ஒரு சிறு கட்டத்தில் அடையாளமிட்டு "ஏற்கிறேன்" என்று அழுத்துகிறார். கனடாவில் வாழும் ஓர் ஆட்டக்காரர் அந்த ஓர் அழுத்தத்தால் எதற்கெல்லாம் உடன்படுகிறார் என்பதே இன்றைய பொருள்.

அவர் உடன்படுவது ஓர் ஒப்பந்தத்துக்கு. அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே ஏடாக இருப்பதில்லை. பொது விதிமுறைகள் ஓரிடத்தில், போனஸ் விதிமுறைகள் வேறோரிடத்தில், ஒவ்வோர் ஆட்டத்துக்குமான விதிகள் அந்தந்த ஆட்டத்தின் உதவிப் பக்கத்தில், தனியுரிமைக் கொள்கை இன்னோரிடத்தில் என்று சிதறிக் கிடக்கும். நீளமோ ஆயிரக்கணக்கான சொற்கள். இவ்வளவையும் யார் உட்கார்ந்து வாசிப்பது? நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தச் சொற்குவியலின் பெரும்பகுதி வேறொரு கேள்விக்கு விடை சொல்லவே எழுதப்பட்டிருக்கிறது: திரையில் தெரியும் தொகை எப்போது ஆட்டக்காரரின் பணமாகிறது?

ஆட்டக்காரர் போட்ட பணம் திரையில் தெரிகிறது. கசினோ கொடுத்த போனஸ் தெரிகிறது. போனஸை வைத்து வென்ற பணம் தெரிகிறது. வெளியே எடுக்கக் கேட்டு, இன்னும் வந்து சேராத பணமும் தெரிகிறது. பார்வைக்கு எல்லாம் டொலர். சட்டத்தின் கண்ணிலும் ஒப்பந்தத்தின் கண்ணிலும் அவை நான்கு வேறு பணங்கள். இந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிப்பவருக்கு விதிமுறைகள் மிரட்டுவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, ஒப்பந்தம் யாருடன் என்பது. கனடாவில் சூதாட்டம் குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டம் பொதுவாகத் தடை விதித்து, 207ஆம் பிரிவில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மாகாண அரசு தானே நடத்தி, தானே நிருவகிக்கும் சூதாட்டம் அந்த வாசலால் சட்டபூர்வமாகிறது. 1985ஆம் ஆண்டுத் திருத்தம் கணினிவழி ஆட்டங்களையும் மாகாணங்களின் கையில் கொடுத்தது. ஆகவே "கனடாவில் இணையக் கசினோ சட்டபூர்வமானதா?" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த மாகாணம் என்று கேட்க வேண்டும்.

பிரித்தானியக் கொலம்பியாவில் மாகாண லொத்தர்க் கூட்டுத்தாபனத்தின் பிளேநவ் தளம் 2010இல் கசினோ ஆட்டங்களைத் தொடங்கியது. கியூபெக்கில் லோட்டோ கியூபெக் தன் தளத்தை நடத்துகிறது. அல்பேட்டாவில் பிளே அல்பேட்டா 2020இல் வந்தது. தனியார் நிறுவனங்களுக்கும் சந்தையைத் திறப்பதற்கான சட்டத்தை அந்த மாகாணம் 2025இல் நிறைவேற்றியது. ஒன்ராறியோ அதற்கு முன்பே வேறு வழியில் போய்விட்டது. 2022 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கே தனியார் நிறுவனங்களுக்குச் சந்தை திறக்கப்பட்டது. மாகாண மதுபான, சூதாட்ட ஆணையத்தில் பதிவுசெய்து, ஐகேமிங் ஒன்ராறியோ என்ற அரச நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்ட தளங்கள் அங்கே இயங்கலாம். 207ஆம் பிரிவு "மாகாணமே நடத்த வேண்டும்" என்று சொல்வதால், இந்தத் தனியார் தளங்கள் ஐகேமிங் ஒன்ராறியோவின் முகவர்களாகவே ஆட்டத்தை நடத்துகின்றன. அவற்றின் விதிமுறைகளில் இந்தச் செய்தி எழுதப்பட்டிருக்கும். முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

அந்த வரி இல்லாத தளங்களும் கனடியர்களின் திரைக்கு வருகின்றன. அவற்றின் விதிமுறைகளின் தொடக்கத்திலோ பக்கத்தின் அடியிலோ மோல்ட்டா என்றோ, குராசாவ் என்றோ, மொன்றியலுக்கு அருகிலுள்ள கானவாகே மோஹாக் பிரதேசம் என்றோ உரிமம் வழங்கிய இடம் குறிப்பிடப்பட்டிருக்கும். கானவாகேயின் சூதாட்ட ஆணையம் 1996இல் அமைந்தது. இணையச் சூதாட்டத்துக்கு உலகில் முதலில் உரிமம் வழங்கத் தொடங்கிய அமைப்புகளில் ஒன்று. உரிமம் எங்கோ இருக்கிறது என்பதற்காக அந்தத் தளம் ஏமாற்றுத் தளம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தகராறு வந்தால் கதவைத் தட்ட வேண்டிய இடம் மாறிவிடுகிறது. ரொறன்ரோவில் வாழும் ஒருவருக்கு ரொறன்ரோவிலுள்ள அலுவலகத்தில் முறையிடுவதும் கரீபியத் தீவொன்றுக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருப்பதும் ஒன்றாகுமா?

ஒன்ராறியோவில் வாழ்பவர்களுக்கு இதைக் கண்டுகொள்ள இன்னுமோர் அடையாளம் உண்டு. அங்கே போனஸ்களைப் பொதுவெளியில் விளம்பரம் செய்யத் தடை இருக்கிறது. பதிவுபெற்ற நிறுவனம் தன் தளத்தில் போனஸைக் காட்டலாம். சம்மதம் கொடுத்த வாடிக்கையாளருக்கு நேரடியாக எழுதலாம். தொலைக்காட்சியிலோ சமூக ஊடகத்திலோ கூவி அழைக்கக் கூடாது. ஆகவே முகநூலில் "பதிவுசெய்தால் ஆயிரம் டொலர்" என்று ஒன்ராறியோக்காரரை ஒரு விளம்பரம் அழைத்தால், அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் மாகாணக் கட்டுப்பாட்டுக்குள் வராத தளமே. ஐகேமிங் ஒன்ராறியோ தன் இணையதளத்தில் அனுமதிபெற்ற தளங்களின் பட்டியலை வெளியிடுகிறது. சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது கணக்கு. யார் ஆடலாம்? அல்பேட்டா, மனிற்றோபா, கியூபெக் ஆகிய மூன்று மாகாணங்களில் 18 வயது, ஏனையவற்றில் 19. ஆடுபவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதும் முக்கியம். ஒன்ராறியோவில் பதிவான தளத்தில் ஆட, உடலளவில் ஒன்ராறியோவுக்குள் இருக்க வேண்டும். ஸ்காபரோவில் வீடு உள்ளவர் ஒரு வார இறுதிக்கு மொன்றியல் போனால் தளம் அவரை ஆட விடாது. இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் செயலியை இயக்கி ஆடினால், வெற்றியைப் பறிப்பதற்கான காரணத்தை அவரே எழுதிக் கொடுத்தது போலாகும். விபிஎன் தடை ஏறக்குறைய எல்லாத் தளங்களின் விதிமுறைகளிலும் உண்டு.

கணக்குப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நின்று வாசிக்க வேண்டிய விதிகள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று, பெயர். கணக்கிலுள்ள பெயரும் அடையாள ஆவணத்திலுள்ள பெயரும் வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதிமுறை சொல்லும். தமிழர் பெயர்கள் கனடிய ஆவணங்களில் எப்படி ஏறியிருக்கின்றன? தந்தையின் பெயர் ஒரு ஆவணத்தில் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொன்றில் முதற்பெயராகிவிடும். வங்கி அட்டையில் இடப்பற்றாக்குறையால் பெயர் பாதியில் நிற்கும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் வேறொன்று. அந்தக் குடும்பங்களுக்கு இதெல்லாம் பழகிப்போன தொல்லை. பணத்தை விடுவிக்கும் கசினோ ஊழியருக்கு இவை இரண்டு வேறு மனிதர்கள். ஆகவே பதிவுசெய்யும்போதே, சரிபார்ப்புக்குக் கொடுக்கப்போகும் ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதிவது நல்லது. மனைவியின் அட்டையில் பணம் போடுவதும், தந்தையின் பெயரில் மகன் ஆடுவதும் வீட்டுக்குள் சாதாரணமாகத் தோன்றலாம். ஒப்பந்தத்தில் அவை மூன்றாம் நபரின் பயன்பாடு. கணக்கை மூட அது போதும்.

மற்றது, வீட்டுக்கு ஒன்று என்ற விதி. போனஸ் ஓர் ஆளுக்கு, ஒரு வீட்டுக்கு, ஒரு முகவரிக்கு, ஓர் இணைய இணைப்புக்கு ஒரு முறை மட்டும் என்று எழுதியிருக்கும். பெற்றோர், பிள்ளைகள், மருமகன், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் என்று எல்லோரும் ஒரே முகவரியையும் ஒரே வைஃபையையும் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் பிரம்ப்டனிலும் மார்க்கத்திலும் ஏராளம். அங்கே இருவர் தனித்தனியாக, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே பதிவுசெய்தால்கூட, தளத்தின் கண்ணுக்கு அது ஒருவரே இரண்டு கணக்குத் திறந்ததாகத் தெரியும். இருவரின் வெற்றியும் முடக்கப்படலாம். இது நேர்மையற்ற ஆட்டக்காரரைப் பிடிக்க எழுதப்பட்ட விதி. நேர்மையான கூட்டுக்குடும்பமும் அதில் சிக்கிக்கொள்கிறது.

பணம் போடும் பகுதியில் அதிகம் நிற்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் கடக்க முடியாது. கனடாவில் இன்ரறக் மின்பரிமாற்றம் பரவலான வழி. கடனட்டையில் போட்டால், பல வங்கிகள் அதைப் பொருள் வாங்கியதாகக் கருதாமல் ரொக்க முன்பணமாகக் கருதுகின்றன. அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். தனிக் கட்டணமும் உண்டு. கசினோவின் விதிமுறையில் இது இருக்காது. வங்கியின் விதிமுறையில்தான் இருக்கும்.

இனி, இந்தச் சொற்பொழிவின் நடுப்பகுதிக்கு வரலாம். போனஸ்.

"100 டொலர் போடுங்கள், இன்னும் 100 டொலர் தருகிறோம்" என்று தளம் சொல்கிறது. திரையில் 200 டொலர் தெரிகிறது. அந்த இரண்டாவது 100 டொலர் யாருடையது? இப்போதைக்குக் கசினோவுடையது. ஆட்டக்காரர் அதை வைத்து ஆடலாம், எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை நிறைவேற வேண்டும். அதுதான் பந்தயத் தேவை. போனஸ் விதிமுறையில் "35 மடங்கு" என்பதுபோல் ஓர் எண் இருக்கும். போனஸ் தொகையின் 35 மடங்குக்குப் பந்தயம் கட்டி முடித்த பிறகே அது ஆட்டக்காரரின் பணம் என்பது அதன் பொருள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 டொலரின் 35 மடங்கு 3,500 டொலர். அவ்வளவு தொகைக்குப் பந்தயம் கட்ட வேண்டும். ஆடுவது ஸ்லொட் எனப்படும் சுழல் இயந்திர ஆட்டம் என்றும், அந்த ஸ்லொட் நூறு டொலருக்கு 96 டொலரைத் திருப்பித் தரும்படி அமைக்கப்பட்டது என்றும் வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 4 டொலர் கசினோவுக்குப் போகிறது. 3,500 டொலருக்கு அது 140 டொலர். 100 டொலர் போனஸை விடுவிக்கச் சராசரியாக 140 டொலர் இழக்க வேண்டியிருக்கிறது! சராசரி என்பது முக்கியம். சிலர் இதைத் தாண்டி வெல்வார்கள். பலர் 3,500ஐ எட்டும் முன்பே கணக்கைக் காலி செய்துவிடுவார்கள். ஆனால் கொடுத்த போனஸைவிட எதிர்பார்க்கப்படும் இழப்பு பெரிது என்ற உண்மை மாறாது. ஒரு டொலர் பந்தயமாக, ஐந்து விநாடிக்கு ஒரு சுழற்சி என்று ஆடினால், 3,500 சுழற்சிகளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

அந்த 35க்கு அடுத்து வரும் சில சொற்களையும் வாசிக்க வேண்டும். "போனஸின் 35 மடங்கு" என்று இருக்கிறதா? "வைப்பும் போனஸும் சேர்ந்த தொகையின் 35 மடங்கு" என்று இருக்கிறதா? இரண்டாவதாக இருந்தால் 200 டொலரின் 35 மடங்கு, அதாவது 7,000 டொலர். அதே ஸ்லொட்டில் எதிர்பார்க்கப்படும் இழப்பு 280 டொலர். கணக்கில் இருப்பதோ மொத்தமே 200 டொலர். ஆட்டக்காரர் தன் பையிலிருந்து போட்ட பணமும் சேர்ந்து கரைவதற்கே இந்த எண் எழுதப்பட்டிருக்கிறது. எண் ஒன்றே. விலை இரண்டு மடங்கு.

"அப்படியானால் ஸ்லொட்டை விட்டு, கசினோவின் பங்கு குறைவான பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடினால் என்ன?" என்று அவையில் ஒருவர் கேட்கலாம். அதையும் விதிமுறை எழுதியவர் முன்பே நினைத்திருக்கிறார். ஆட்டப் பங்களிப்பு என்று ஓர் அட்டவணை இருக்கும். ஸ்லொட் பந்தயம் முழுதாகக் கணக்கில் சேரும்; பிளாக்ஜாக் பல தளங்களில் பத்தில் ஒரு பங்கே சேரும், சிலவற்றில் சேரவே சேராது. பத்தில் ஒரு பங்கு என்றால் 3,500ஐ நிறைவேற்ற 35,000 டொலருக்கு ஆட வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தவரிடமிருந்து பிளாக்ஜாக்கில் கசினோவுக்குப் போவது ஏறத்தாழ அரை விழுக்காடு. 35,000 டொலருக்கு அது 175 டொலர். குறைந்த இழப்பு என்று நம்பிப் போனவர் அதிகமாக இழக்கிறார்.

போனஸ் பகுதியில் பதுங்கியிருக்கும் இன்னும் மூன்று விதிகளைப் பற்றியும் பேச வேண்டும். உச்சப் பந்தயம் அவற்றில் மிகக் கொடியது. போனஸ் நடப்பில் இருக்கும்போது ஒரு சுழற்சிக்கு 5 டொலருக்கு மேல் கட்டக் கூடாது என்று எழுதியிருக்கும். பல தளங்களில் ஆட்டத்தின் பொத்தான் 5க்கு மேலும் போகும், தடுக்காது. நூற்றுக்கணக்கான சுழற்சிகளில் ஒன்றே ஒன்று 6 டொலராக இருந்தால் போதும், முழு வெற்றியையும் ரத்துச் செய்யும் உரிமையைக் கசினோ தனக்கு எழுதி வைத்துக்கொள்கிறது. விதியை மீறவிடாமல் தடுக்கும் வழி தன்னிடம் இருந்தும், தடுக்காமல் விட்டு, பணம் கேட்கும்போது மட்டும் அதைக் காட்டுவது நியாயமற்ற செயல்.

அடுத்தது உச்ச எடுப்புத் தொகை. வைப்பு எதுவும் கேட்காமல் 20 டொலர் தரும் போனஸில் இது வழக்கமாக இருக்கும். அதை வைத்து 1,800 டொலர் வென்றாலும் 100 டொலரே எடுக்கலாம் என்று எழுதியிருந்தால், மீதி 1,700 திரையில் இருந்த வெறும் எண். மூன்றாவது, காலக்கெடு. ஏழு நாளுக்குள், பதினான்கு நாளுக்குள், முப்பது நாளுக்குள் என்று இருக்கும். கெடு முடிந்தால் போனஸோடு அதில் கிடைத்த வெற்றியும் போகும்.

ஒன்ராறியோ ஆணையத்தின் தரவிதிகள் இங்கே ஓரளவு துணைக்கு வருகின்றன. ஆட்டக்காரர் தன் பணத்தை இழக்க நேரும் ஒரு சலுகையை "இலவசம்" என்று சொல்லக் கூடாது. தன் பணத்தை அவர் பணயம் வைக்க வேண்டியிருந்தால் "ஆபத்தில்லை" என்றும் சொல்லக் கூடாது. நல்ல விதி. ஆனால் அது சொல்லைத்தான் கட்டுப்படுத்துகிறது. 35 என்ற எண் அப்படியே இருக்கிறது.

போனஸே வேண்டாம் என்று மறுக்கும் வழி பெரும்பாலான தளங்களில் உண்டு. மறுத்தவர் போடும் 100 டொலருக்குப் பந்தயத் தேவையின் சுமை பெரும்பாலும் இல்லை. பணச்சலவைத் தடுப்புக்காக, போட்ட தொகையை ஒரு முறையேனும் ஆடச் சொல்வார்கள், அவ்வளவே. பொழுதுபோக்காகச் சிறு தொகைக்கு ஆடுபவருக்கு இந்த மறுப்பே பல வேளைகளில் மேலான தெரிவு.

ஆட்டத்துக்கு உள்ளே வந்தால், ஒரு வாக்கியம் ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் இருக்கும்: கோளாறு ஏற்பட்டால் எல்லாப் பரிசும் செல்லாது. இதைச் சாதாரணமாகக் கடந்துபோவது தவறு. 2008இல் ஒன்ராறியோவின் பாரி நகருக்கு அருகில், ஜோர்ஜியன் டவுன்ஸ் என்ற இடத்தில், ஒரு ஸ்லொட் இயந்திரம் 42.9 மில்லியன் டொலர் பரிசு என்று காட்டியது. மாகாண லொத்தர்க் கூட்டுத்தாபனம் கொடுக்க மறுத்தது. அந்த இயந்திரம் தரக்கூடிய உச்சத் தொகையே சுமார் 9,000 டொலர்தான், காட்டியது கோளாறு என்றது. விவகாரம் வழக்கு வரை போனது.

கசினோ "கோளாறு" என்று சொன்னதும் ஆட்டக்காரர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? பிரித்தானியாவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு விடை சொல்கிறது. 2018 ஜனவரியில் பெட்ஃபிரெட் தளத்தின் பிளாக்ஜாக் ஆட்டமொன்றில் ஒருவர் 17 லட்சம் பவுணுக்கு மேல் வென்றார். ஆட்டத்தின் மென்பொருளில் பிழை இருந்தது என்று சொல்லி, தன் விதிமுறையைக் காட்டி, நிறுவனம் பணத்தை மறுத்தது. 2021இல் இலண்டன் உயர் நீதிமன்றம் அவருக்குப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. எந்தக் காரணத்தால்? நிறுவனம் நம்பியிருந்த விதிகள் நீண்ட ஆவணங்களுக்குள், கண்ணில் படாத இடத்தில், குழப்பமான நடையில் கிடந்தன. அவை இப்படிப்பட்ட பிழையைத் தெளிவாகக் குறிப்பிடவில்லை. இவ்வளவு கடுமையான விளைவுள்ள விதியை ஆட்டக்காரரின் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அது பிரித்தானியத் தீர்ப்பு. கனடிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தச் சிந்தனை கனடாவுக்குப் புதியதும் அல்ல.

1978இலேயே ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வாடகைக் கார் வழக்கொன்றில் இதைச் சொல்லிவிட்டது. வன்கூவர் விமான நிலையத்தில் ஒருவர் ரில்டன் நிறுவனத்திடம் கார் எடுத்தார், காப்புறுதிக்கும் மேலதிகமாகப் பணம் கட்டினார், அவசரத்தில் கையெழுத்திட்டார். சிறிதளவு மது அருந்தியிருந்தாலும் காப்புறுதி இல்லை என்று தாளின் பின்புறம் சின்ன எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டாலும், வழக்கத்துக்கு மாறான கடும் நிபந்தனையை அவருக்கு எடுத்துக்காட்ட நிறுவனம் முயலாதபோது, அது அவரைக் கட்டாது என்றது நீதிமன்றம்.

இதைக் கேட்டு, வாசிக்காமல் அழுத்தினாலும் சட்டம் காப்பாற்றும் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. 1999இல் மைக்ரோசொவ்ட் வழக்கில் ஒன்ராறியோ நீதிமன்றம் மறுபக்கத்தையும் சொன்னது. "ஏற்கிறேன்" என்று அழுத்தியவர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். திரையைக் கீழே இழுத்து வாசிப்பது தாளைப் புரட்டி வாசிப்பதற்குச் சமம். திரையில் முழுவதும் தெரியவில்லை என்பது சாக்காகாது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சாதாரண விதிகள் வாசிக்காதவரையும் கட்டும். மறைத்து வைத்த கடும் விதிகளை எதிர்த்துப் போராட வழியுண்டு. ஆனால் போராட ஆண்டுகள் ஆகும், சட்டத்தரணிக்குப் பணமும் ஆகும்.

வென்ற பணத்தை எடுக்கும் கட்டம் வருகிறது. பலருக்கு இங்கேதான் விதிமுறைகள் முதன்முதலாகக் கண்ணில் படுகின்றன. போட்ட வழியிலேயே எடுக்க வேண்டும் என்பார்கள். ஆவணங்களைக் கேட்பார்கள். வாரத்துக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று எல்லை வைத்திருப்பார்கள். பெரிய வெற்றி தவணைகளாகப் பிரியும். பணம் வெளியே போகும் முன் சில நாட்கள் "நிலுவையில்" கிடக்கும். சில தளங்கள் அந்த நாட்களில் கோரிக்கையை ரத்துச் செய்து மறுபடியும் ஆட அனுமதிக்கின்றன. கண்முன்னே பணத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் காத்திருக்கச் சொல்வது எவருக்கும் சோதனைதான். கோரிக்கையைப் பூட்டிவைக்கும் வசதி தளத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்திவிட வேண்டும்.

அடையாள ஆவணம் கேட்பதை எல்லாம் சூழ்ச்சி என்று கொள்ளவும் கூடாது. கனடிய மத்தியச் சட்டம் கசினோக்களிடம் அடையாளச் சரிபார்ப்பைக் கேட்கிறது. 24 மணி நேரத்துக்குள் 10,000 டொலரோ அதற்கு மேலோ ஒருவருக்குச் செலுத்தினால் ஃபின்ட்ராக் என்ற அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் பணத்தைப் போடும்போது கேட்காமல் எடுக்கும்போது மட்டும் கேட்பது ஆட்டக்காரருக்கு நட்டம். ஆகவே முதல் நாளிலேயே ஆவணங்களைக் கொடுத்துச் சரிபார்ப்பை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வரியைப் பொறுத்தவரை, பொழுதுபோக்காக ஆடி வென்ற பணத்துக்குக் கனடாவில் வருமான வரி இல்லை. சூதாட்டத்தைத் தொழிலாகவே நடத்துபவருக்கு நிலைமை வேறு. வென்ற பணத்தை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கும் வரி உண்டு.

ஓராண்டு, அல்லது விதிமுறை சொல்லும் காலம் வரை கணக்கைத் திறக்காமல் விட்டால், சில தளங்கள் மாதக் கட்டணம் அறவிடத் தொடங்கும். மறந்துபோன 40 டொலர் இப்படியே கரைந்துவிடும்.

தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு தனியாகப் பேசப்பட வேண்டியது. கட்டுப்பாடு கைமீறுகிறது என்று உணர்பவர் தன்னை ஆடவிட வேண்டாம் என்று தளத்திடம் எழுதிக் கேட்கலாம். வைப்பு எல்லையையும் தானே வகுக்கலாம்; எல்லையைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வரும், கூட்டினால் காத்திருக்க வேண்டும். விலக்கிக்கொண்டவர் வேறு வழியில் உள்ளே வந்து வென்றாலும் பரிசு கிடைக்காது என்று பொதுவாக விதிமுறை சொல்லும். ஒரு தளத்தில் விலகியது இன்னொரு தளத்திலும் செல்லுமா என்பதை அந்தந்தத் தளத்தின் விதியில் பார்க்க வேண்டும். மாகாணத்துக்கு வெளியே உள்ள தளங்களுக்கு அது எட்டுவதே இல்லை. ஒன்ராறியோவில் உதவி தேடுவோருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற சேவை இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது, எண் 1-866-531-2600. தம்பி ஆடுகிறான் என்று அக்கா அழைத்தாலும் பேசுவார்கள். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசிப் பகுதி தகராறு. விதிமுறையின் அடியில் "எந்த நாட்டுச் சட்டம்", "எந்த நீதிமன்றம்", "நடுவர் தீர்ப்பு" என்று சில வரிகள் இருக்கும். வெளிநாட்டுத் தளமானால் அவை ஆட்டக்காரரைத் தொலைதூர நாடொன்றுக்கு அனுப்பும். கனடிய உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட வரிகளை எப்போதும் அப்படியே ஏற்பதில்லை. 2017இல் முகநூல் வழக்கில், கலிபோர்னியாவில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்த மறுத்தது. 2020இல் ஊபர் வழக்கில், ஒரு சாரதி தன் குறையைச் சொல்ல நெதர்லாந்தில் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும், அதற்கு முதலிலேயே 14,500 அமெரிக்க டொலர் கட்ட வேண்டும் என்ற விதி மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. இத்தீர்ப்புகள் பெரிய ஆறுதல். ஆனாலும் கனடாவில் தீர்ப்புக் கிடைத்தபின், கனடாவில் சொத்தோ அலுவலகமோ இல்லாத நிறுவனத்திடமிருந்து பணத்தை வசூலிப்பது எப்படி? அதற்குத் தீர்ப்பு விடை தராது. எனவேதான் மாகாணத்தில் பதிவான தளம் என்ற அந்த முதல் வரி அவ்வளவு முக்கியமாகிறது.

எந்த நேரத்திலும் விதிமுறையை மாற்றலாம், தொடர்ந்து ஆடினால் மாற்றத்தை ஏற்றதாகக் கொள்ளப்படும் என்ற வரியும் இருக்கும். ஆகவே பதிவுசெய்த நாளிலும் போனஸை ஏற்ற நாளிலும் இருந்த விதிமுறையைப் படமெடுத்துத் திகதியோடு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தகராறு வரும்போது தளத்தில் இருப்பது புதிய விதிமுறையாக இருக்கலாம். உரையாடல் பெட்டியில் ஊழியர் சொன்னதையும் படமெடுக்க வேண்டும். வாய்மொழி உறுதிக்குப் பதிலாக மின்னஞ்சலில் விடை கேட்க வேண்டும்.

முறையீடு முதலில் தளத்திடமே எழுத்தில் போக வேண்டும். எந்தத் திகதி, எவ்வளவு தொகை, எந்த விதியைக் காட்டி மறுத்தார்கள் என்று மூன்றையும் குறிப்பிட வேண்டும், "உங்கள் விதிமுறையின் எந்தப் பிரிவின்படி?" என்ற கேள்விக்கு எழுத்தில் விடை வாங்க வேண்டும். தீராவிட்டால், ஒன்ராறியோவில் பதிவான தளமானால் ஐகேமிங் ஒன்ராறியோவிடம் தகராறைக் கொண்டுபோகலாம். தளம் தரவிதிகளை மீறியது என்று கருதினால் ஆணையத்திடமும் முறையிடலாம். ஏனைய பெரும்பாலான மாகாணங்களில் ஆட்டத்தை நடத்துவது மாகாணக் கூட்டுத்தாபனமே என்பதால் முறையீடு அங்கேயே தொடங்கி, அதைக் கண்காணிக்கும் மாகாண அமைப்புக்குப் போகும். வெளிநாட்டுத் தளமானால் பக்கத்தின் அடியில் பெயர் குறிக்கப்பட்ட உரிம அமைப்புக்கு, உரிம எண்ணையும் சேமித்து வைத்த படங்களையும் இணைத்து எழுத வேண்டும். உரிம எண்ணே இல்லாத தளத்தின் மேல் முறையிட அப்படியோர் அமைப்பும் இல்லை.